மிராசுதாரின் பங்குச் சோறு

உச்சிவேளையில் இலையில் சோறு விழாவிட்டால் மிராசுதார் திருமலைக்கொழுந்து வீட்டையே ரெண்டாக்கிவிடுவார். "நாளைக்குச் சம்பந்தி வர்றார். தாமதமானா உன் சீட்டைக் கிழிச்சிருவேன்!" என்று சமையல்காரி பூவாயியை மிரட்டினார்.

மறுநாள் விடிந்ததிலிருந்து, "சமையல் ஆச்சா?" என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவளும் ஒவ்வொரு தடவையும் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

உச்சிவேளையில் சம்பந்தி இலையில் சுடச்சுடச் சோறு விழுந்தது. மிராசுதார் இலைக்கு மட்டும் ஒரு பானை வேகாத அரிசி வந்தது.

"என்னடி இது?"

"உங்க பங்குதான், ஐயா. நீங்க கூப்பிட்டப்பல்லாம் உங்க அரிசியில ஒரு பிடியை உலையில போடாம, இந்தப் பானையில போட்டுட்டு ஓடியாந்தேன். சம்பந்தி ஐயா ஒரு தடவைகூடக் கூப்பிடல. அவர் பங்கு வெந்திருச்சு."

சம்பந்திக்குச் சிரிப்பில் புரையேறியது. மிராசுதார் அசடு வழிந்தார்.

"சரி, இனிமே எப்பத்தான் கூப்பிடுறது?"

"நேரமானா நானே கூப்பிடுறேன், ஐயா."

அன்றிலிருந்து அந்த வீட்டில் கூப்பிடுகிறவள் பூவாயி, ஓடிவருகிறவர் மிராசுதார்.