மிளா கழற்றி வைத்த கொம்பு

அந்தக் காலத்தில் மிருகங்களுக்குப் பேச்சு இருந்தது. மிளா என்கிற பெரிய காட்டுமானின் தலையில் முளைத்த கொம்பு சாகும்வரை உதிராமல் அப்படியே நின்றது. முள்ளம்பன்றியோ எலும்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. உதிர்ந்த அத்திப்பழம், மழைக்கு முளைத்த காளான், இளங்கிழங்கு என்று மெத்தென்று இருப்பதைத்தான் தின்னும்.

ஒரு மலைச்சரிவில், ஓடைக்கரை ஓரமாக, முள்ளி என்ற முள்ளம்பன்றி தன் கணவன் கூரனோடு வளை தோண்டிக் குடியிருந்தாள். முதல் குட்டி பிறந்த கொஞ்ச நாளில் அவள் வாயில் ஒரு தொந்தரவு ஆரம்பித்தது. பழத்தைக் கடித்தால் பல் இறங்காமல் வழுக்கிக்கொண்டு போனது. கிழங்கைக் கடித்தால் கீழ்ப்பல் மேலுதட்டில் குத்தி ரத்தம் வந்தது. கொஞ்ச நாளில் வாயை மூடுவதே பெரும்பாடாகிவிட்டது.

"பல்லு நீண்டு போச்சு, அவ்வளவுதான். ஒடிச்சுவிட்டா சரியாப் போயிரும்" என்றான் கூரன்.

கல்லால் ஒரே தட்டு. பல் ஒடிந்தது. முள்ளி வலியில் துடித்தாலும் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள். ஆனால் அந்தப் பல் மறுபடியும் வளர்ந்தது. வளர்ந்தபோது முன்னைவிடக் கோணலாக வளர்ந்தது. கூரனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பழத்தைத் தானே மென்று கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விடுவான். அது அவளுக்குப் போதவில்லை. பால் வற்றத் தொடங்கியது. அவள் விலாப்பக்கம் இருக்கும் பால்காம்பை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் குட்டி அழும்.

ஒருநாள் விடியற்காலையில் அவள் ஓடைக்குப் போனாள். கோடை என்பதால் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதில் தன் வாயைப் பார்த்தாள். மெல்லத் திறந்தாள், மெல்ல மூடினாள். திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தாள். பிறகு கூரனைக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க. பல்லு நீளமா இருக்கறது நோவு இல்ல. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்ல. மேல இருக்கறது வலப்பக்கம் போகுது, கீழ இருக்கறது இடப்பக்கம் போகுது. ரெண்டும் முட்டினாத்தானே தேயும்? முட்டாததாலதான் வளருது. வளர வளர இன்னும் விலகுது."

"அப்போ ஒடிச்சது?"

"ஒடிச்சதால நீளம் குறைஞ்சுது. கோணல் அப்படியே இருக்கு." அவன் தலைகுனிவதைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். "எனக்கும் அப்போ தெரியலையே. கெட்டியா எதையாவது நடுவுல வச்சு, விலகின பல்லு அதுல உரசற மாதிரி தினமும் கடிக்கணும். கொஞ்சங் கொஞ்சமாத் தேயட்டும், கொஞ்சங் கொஞ்சமாத் திரும்பட்டும்."

மூங்கிலைக் கடித்துப் பார்த்தாள். சிலாம்பு ஈறில் ஏறியது. கல்லைக் கடித்தாள். பல் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. அந்த நேரத்தில்தான் தண்ணீர் குடிக்க ஒரு மிளா வந்தது. கிளை கிளையாய்ப் பிரிந்த அதன் கொம்பை முள்ளி வெகுநேரம் பார்த்தாள். அது மரத்தைவிடக் கெட்டி, ஆனால் கல் அளவுக்கு இல்லை.

கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தும் கேட்டாள். "அண்ணே, உங்க கொம்பைக் கொஞ்சம் கடிச்சுக்கட்டுமா?"

மிளா சீறியது. "இந்தக் கொம்பைப் பார்த்துத்தான் கூட்டமே எனக்கு வழிவிடுது. உனக்குக் கடிக்கக் கேக்குதா?"

அதற்குள் குட்டி பின்னாலேயே வந்து, அவள் விலாவில் வாய்வைத்து உறிஞ்சிப் பார்த்து, பால் வராமல் அழுதது. மிளா அதைப் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு முன்னங்காலை மடித்துத் தலையைத் தரையில் சாய்த்தது.

"நுனியை மட்டும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் மிளா வந்து படுக்கும், முள்ளி கடிப்பாள். முதலில் தாடை விண்விண்ணென்று தெறித்தது. வலி பொறுக்காத நாளில் நிறுத்திக்கொள்வாள், மறுநாள் தொடர்வாள். முள்ளம்பன்றிக்குத் தலைகுனிகிற மிளா என்று கூட்டம் கேலி பேசியது. மிளா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் அவள் வாயை மூடியபோது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பல்லோடு பல் ஒரு ஓரத்தில் முட்டியிருந்தது. அவள் அழுதுவிட்டாள்.

அதற்குள் ஓடை வற்றிவிட்டது. மிளாக்கூட்டம் மலைக்கு அப்பால் இருக்கும் ஆற்றுக்குக் கிளம்பியது.

"இன்னும் எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டது மிளா.

"தெரியல அண்ணே. பல்லு ரொம்ப மெதுவாத்தான் திரும்புது. இப்ப விட்டா பழையபடி விலகிரும். ஆனா நீங்க போகணும், தண்ணி இல்லாம எப்படி இருப்பீங்க?"

மிளா திரும்பி, பக்கத்தில் இருந்த வேங்கை மரத்தில் ஓங்கி ஒரு மோது மோதியது. இடக்கொம்பு முறிந்து அவள் காலடியில் விழுந்தது. நெற்றியில் வழிந்த ரத்தத்தோடு அது நாலு அடி நடந்தது. ஒற்றைக் கொம்பின் பாரத்தில் தலை ஒரு பக்கமாக இழுத்தது, நடை கோணியது.

"ஒருபக்கம் சாஞ்சா இவ்வளவு கஷ்டமா இருக்குமா?" என்றது மிளா. வலக்கொம்பையும் மோதி முறித்துவிட்டு, மொட்டைத் தலையோடு கூட்டத்தின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டது.

முள்ளி அந்தக் கொம்புகளை வளைக்குள் இழுத்துப்போய் தினமும் கடித்தாள். பல் நேரானது. வேரைக்கூடக் கடித்துத் தின்றாள், பால் ஊறியது. குட்டிக்குப் பல் உறுதிப்பட்டதும் அதன் முன்னாலும் ஒரு துண்டை உருட்டிவிட்டாள்.

மழை பெய்து மிளா திரும்பி வந்தபோது அதன் தலையில் மெத்தென்று புதுக்கொம்பு துளிர்த்திருந்தது. முள்ளி ஆசையாக முகர்ந்து பார்த்தாள்.

"இதைக் கடிச்சிராத. இன்னும் பச்சை" என்றது மிளா. "இனிமே முத்தினதும் நானே உதிர்த்து இங்கேயே கொண்டுவந்து போடறேன்."

மிளாவின் கொம்பு உதிர்ந்து உதிர்ந்து முளைப்பதும், உதிர்ந்த கொம்பை முள்ளம்பன்றி வளைக்குள் இழுத்துப்போய்ப் பல்தேயக் கடிப்பதும் அன்று தொடங்கியதுதான்.