மோர்க்குழம்புக்குக் கால் மணி நேரம்

திருத்துறைப்பூண்டியில் கலியபெருமாள் என்று ஒரு சர்வேயர் இருந்தார். ஊர் நிலத்தையெல்லாம் அளந்துவிட்டு ஓய்வு பெற்றவர். அறுபத்தோராம் வயதில் அவருக்கு ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு வயது முப்பத்தெட்டு.

குருவின் பெயர் லூர்து மேரி. கலியபெருமாள் வீட்டு மாடியில் குடியிருந்தவர், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். தினமும் இருநூறு பிள்ளைகள் அவர் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். கலியபெருமாளுக்கோ அதுவரை பால் காய்ச்ச மட்டும்தான் தெரியும். அதையும் பொங்க விடுவார்.

அவர் மனைவி சௌந்தரவல்லி கொல்லையில் வழுக்கி விழுந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அவள் சாப்பாட்டை விட்டுவிட்டாள். இரண்டு வாய், மிஞ்சிப் போனால் மூன்று வாய். மூன்று மாதத்தில் பன்னிரண்டு கிலோ குறைந்துவிட்டது.

"வயித்துல ஒரு கோளாறும் இல்ல," என்றார் டாக்டர். "ஆனா இப்படியே போனா தெம்பு எங்கேருந்து வரும்? இன்னும் ரெண்டு மாசத்துக்குள்ள எழுந்து நிக்கலேன்னா, அப்பறம் நிக்க வைக்கிறது ரொம்பக் கஷ்டம் சார்."

கலியபெருமாள் பயந்து போனார். முப்பத்தைந்து வருஷம் அவள் பரிமாறியதைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டு எழுந்தவர். இப்போது அவளுக்கு ஒரு வேளைச் சோறு வாய்க்கு ருசியாகப் போடத் தெரியவில்லையே என்று அவருக்கு மனசு ஆறவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இனிமே அடுப்படி நெனப்பே உனக்கு வேணாம் சௌந்தரம். எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ ராணி மாதிரி படுத்திரு."

சௌந்தரவல்லி சுவரைப் பார்த்தபடி, "சரி," என்றாள்.

மறுநாளே அவர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். வீடு வீடாகப் போய் ஒரே கேள்வி. "ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சுலபமா என்ன செய்வீங்க?"

இப்படிக் கேட்டால் எந்த வீட்டில்தான் சொல்ல மாட்டார்கள்? டெய்லர் வீட்டில் தக்காளி சேமியா சொன்னார்கள். கோடி வீட்டில் கோதுமை தோசை. பள்ளிவாசல் பக்கத்து வீட்டு மும்தாஜ் பேகம் பாசிப்பருப்புக் கஞ்சி சொன்னதோடு நிற்காமல், ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டியும் விட்டார். பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் மனைவியைப் பேசவைத்து, பூண்டு ரசத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பினார். பதினொரு வீடு, பதினொரு குறிப்பு.

ஆனால் அளந்தே பழகிய கை. "ஒரு கை ரவை" என்று யாராவது சொன்னால், "கொஞ்சம் இதுல போடுங்க," என்று எடை மெஷினை நீட்டுவார். "கொஞ்சம் உப்பு" என்றால் அவருக்குக் கோபமே வந்துவிடும். தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எடையும் போட்டுக் காட்டினார்கள்.

குறிப்பு கிடைத்தால் போதுமா, கை வர வேண்டாமா? அதற்குத்தான் மாடியிலிருந்து லூர்து இறங்கி வந்தார். ஒரு வாரம் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். அவர் பாடத்தில் முக்கால்வாசி ஒரே வாக்கியம்தான்.

"தீயக் குறைங்க சார்."

கலியபெருமாள் முதலில் விளையாட்டுக்குத்தான் "குருவே" என்று கூப்பிட்டார். பருப்பு முதல்முறையாக அடிப்பிடிக்காமல் இறங்கிய நாளிலிருந்து நிஜமாகவே கூப்பிட ஆரம்பித்தார்.

மனிதர் தேறிவிட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மாதத்துக்குள் அவர் வைத்த பூண்டு ரசத்தை மும்தாஜ் பேகமே ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். ஓய்வுபெற்ற சர்வேயர்கள் இரண்டு பேர் அவரிடமிருந்து குறிப்பு எழுதிக்கொண்டு போனார்கள். தெரு முழுக்க மெச்சியது.

வீட்டுக்குள் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. தட்டைக் கொண்டுபோய் வைப்பார். சௌந்தரவல்லி இரண்டு வாய் சாப்பிடுவாள். "நல்லாருக்கு," என்பாள். கையைக் கழுவிவிடுவாள்.

ஒருநாள் துணி மாற்றிவிடும்போது அவள் தோள்பட்டை எலும்பு அவர் உள்ளங்கையில் இடித்தது. அன்றைக்குச் சாயங்காலமே மாடிப்படிக்குப் போனார். குரு படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"குருவே, எனக்கு ஒண்ணும் புரியல."

"என்ன சார்?"

"பதினோரு வீட்டுக் குறிப்பும் செஞ்சுட்டேன். ஒரு கிராம் கூடக் கொறைய இல்ல. ஊரே நல்லாருக்குங்குது. அவ மட்டும் சாப்பிட மாட்டேங்கறா. என்னதான் தப்பு பண்றேன்?"

குரு கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சாப்பிடறப்ப அக்கா என்ன சொல்லுவாங்க?"

"நல்லாருக்கும்பா."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? கை கழுவிடுவா."

"வேற ஒண்ணுமே சொல்ல மாட்டாங்களா?"

"ஒரு வார்த்தை சொல்ல மாட்டா."

குரு ஒரு கொத்து முழுவதையும் உருவி முடித்தார். பிறகு, "நோட்ட எடுங்க," என்றார். "மோர்க்குழம்பு."

கலியபெருமாள் பேனாவைத் திறந்தார்.

"வெண்பூசணிக்காயப் பெருசு பெருசா நறுக்கிக்குங்க. தேங்கா, பச்சமிளகா, சீரகம், தொவரம்பருப்பு அரைச்சுக்குங்க. பருப்ப ஊற வைக்க வேணாம், அப்படியே போட்டுடுங்க. தயிரக் கடைஞ்சு, எல்லாத்தையும் ஒண்ணா அடுப்புல ஏத்திடுங்க."

"அப்பறம்?"

"நல்லாத் தளதளன்னு கொதிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணி நேரம்."

"மூடி போட்டா, போடாமயா?"

"போட்டுத்தான். தீயக் கொறைக்கவே வேணாம்."

சமையல் தெரிந்த யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே பேனாவைப் பிடுங்கியிருப்பார்கள். மோர்க்குழம்பு நுரை கட்டியதும் இறக்க வேண்டிய பண்டம். கொதித்தால் திரிந்து, தண்ணீர் வேறு கட்டி வேறாகப் போய்விடும். கலியபெருமாள் பாவம், "15 நிமிடம், மூடியுடன்" என்று எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டார்.

"இன்னொண்ணு சார். அக்கா சாப்பிடறப்ப பக்கத்துலயே உக்காருங்க. அவங்க என்ன சொன்னாலும் எழுதிக்கிட்டு வாங்க. நீங்க ஒண்ணும் எதிர்த்துச் சொல்லக் கூடாது."

மறுநாள் சொன்னபடியே கொதிக்கவிட்டு, கலியபெருமாள் மூடியைத் திறந்தார். மேலே மஞ்சள் தண்ணீர் நின்றது, அடியில் வெள்ளையாகத் துணுக்குத் துணுக்காகக் கிடந்தது. கொட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். குரு சொன்னதாயிற்றே என்று சோற்றில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனார்.

சௌந்தரவல்லி ஒரு வாய் வைத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். தலையைத் திருப்பி, நான்கு மாதத்தில் முதல்முறையாகப் புருஷன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இது என்ன?"

"மோர்க்குழம்பு."

"இதுவா?"

கலியபெருமாள் "இதுவா?" என்று எழுதிக்கொண்டார்.

"கொதிக்க விட்டீங்களா?"

"கால் மணி நேரம்."

"கால் மணி நேரமா! அடக் கடவுளே, எந்தப் புண்ணியவான் சொன்னான் ஒங்களுக்கு? நல்ல தயிராப் பாத்து நாசம் பண்ணிருக்கீங்க. அதென்ன, நான் பேசப் பேச எழுதறீங்க?"

அவர் அதையும் எழுதிக்கொண்டார். அவள் இன்னொரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினாள்.

"பருப்ப ஊறப் போடல. நறநறங்குது." இன்னொரு வாய். "சீரகம் ரெண்டு மடங்கு விழுந்திருக்கு." ஒரு பூசணித் துண்டை விரலால் நசுக்கப் பார்த்தாள், நசுங்கவில்லை, கடித்துப் பார்த்தாள். "காயி வேகவே இல்ல. மோர்ல போட்டா எங்கேருந்து வேகும்? தனியா வேக வச்சுல்ல சேக்கணும்." மறுபடி ஒரு வாய். "தேங்கா எண்ணெயில தாளிக்கல. கருவேப்பில எங்க? உப்பு ஒண்ணுதான் சரியாருக்கு, அதுவும் குருட்டாம்போக்குல."

குறை கண்டுபிடிக்க வேண்டுமென்றால் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? அவள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டே போனாள். கலியபெருமாள் எழுதிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் நிமிர்ந்து பார்த்தவருக்குத் தட்டின் அடிப்பகுதி தெரிந்தது. எழுத்து மங்கிவிட்டது. கண்ணைத் துடைத்தால் அவள் நிறுத்திவிடுவாளோ என்று துடைக்காமலே எழுதினார்.

"யாரு சொன்னதுன்னு கேக்கறேன்ல?"

"லூர்து."

"அந்தப் பொண்ணா?" சௌந்தரவல்லி திகைத்துப் போனாள். "எரநூறு புள்ளைங்களுக்குச் சமைக்கறவளுக்கு மோர்க்குழம்பு தெரியாதா? நாளைக்கு அவள இங்க வரச் சொல்லுங்க." தட்டை நீட்டிவிட்டு, "அந்த நாற்காலிய எடுத்து அடுப்படி வாசல்ல போடுங்க. படுத்துக்கிட்டே எப்படிச் சொல்லிக் குடுக்கறது?" என்றாள்.

மறுநாள் லூர்து வந்தார். குளித்து, தலை பின்னி, கையில் புது நோட்டோடு. சௌந்தரவல்லியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முகம் வலியில் சுருங்கியது, ஆனால் கட்டிலுக்குத் திரும்புகிறேன் என்று அவள் சொல்லவில்லை.

"மோர ஊத்தினதுக்கப்பறம் எவ்வளவு நேரம்க்கா வைக்கணும்?" என்று லூர்து கேட்டதைக் கேட்டுக்கொண்டே கலியபெருமாள் தயிர் வாங்கக் கடைக்குப் போனார்.

"நேரமாவது ஒண்ணாவது! அதையே பாத்துக்கிட்டு நிக்கணும்டீ."

அதற்கடுத்த நாள் வத்தக்குழம்பு. அதற்கும் அடுத்த நாள் பருப்பு உருண்டை. சொல்லிக் கொடுப்பவள் ருசி பார்க்காமல் முடியுமா? உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்தவள், கிண்ணத்தில் வாங்கினாள். கிண்ணத்தில் வாங்கியவள், கொஞ்சம் சோறும் கேட்டாள். விஷயம் தெரிந்து டெய்லர் வீட்டு அம்மா வந்தார், மும்தாஜ் பேகம் வந்தார். அடுப்படி வாசலில் இடமில்லாமல் போயிற்று. மூன்றாவது வாரம் மும்தாஜ் பேகம் கடுகு வெடிக்கும் முன்பே கருவேப்பிலையைப் போட்டுவிட்டாரோ என்னவோ, "இங்க குடு கரண்டிய," என்று சௌந்தரவல்லி ஆஸ்பத்திரியில் நடக்கக் கொடுத்திருந்த வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டாள். நின்ற பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

கலியபெருமாள் கொல்லைக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஒன்றே ஒன்றுதான் அவருக்கு உறுத்தியது. சௌந்தரவல்லி வருகிறவர்களிடமெல்லாம், "நல்ல பொண்ணுதான், ஆனா ஒரு எழவும் தெரியல, பாவம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தெருவில் லூர்துவைப் பார்த்தால், "என்னா, இன்னைக்கு மோர்க்குழம்பா?" என்று சிரித்தார்கள். கேட்கும்போதெல்லாம் கலியபெருமாளுக்குக் காது கூசியது.

அவர் மறுபடியும் மாடிப்படிக்குப் போனார்.

"குருவே, அன்னைக்கு வேணும்னேதானே தப்பாச் சொன்னீங்க?"

"ஆமா சார்."

"பதினோரு சரியான குறிப்புல சாப்பிடாதவ, ஒரு தப்பான குறிப்புல எப்படிச் சாப்பிட்டா?"

"பதினொண்ணும் சரியா இருந்துச்சே. அவங்க சொல்றதுக்கு என்ன மிச்சம் வச்சீங்க?"

கலியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். 'அடுப்படி நெனப்பே வேணாம்' என்று தான் சொன்னபோது அவள் சுவர்ப்பக்கம் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஆசையோடு சொன்ன வார்த்தை. அதுதான் அவளைப் பட்டினி போட்டிருக்கிறது.

பிறகு, "உங்க பேர்தான் கெட்டுப் போச்சு," என்றார். "எனக்குப் பொறுக்கல. அவகிட்ட உண்மையச் சொல்லிடட்டுமா? இப்பதான் நல்லாச் சாப்பிடறாளே."

"அவங்களுக்குத் தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"எனக்கு மோர்க்குழம்பு வைக்கத் தெரியும்னு. மொதல் நாளே தெரிஞ்சு போச்சு. நீங்க தயிர் வாங்கிக்கிட்டு வந்து குடுத்துட்டு வெளிய போனீங்கல்ல, அப்பதான். நுரை கட்டிச்சு. 'எறக்கு'ன்னு அவங்க வாயத் தொறக்கறதுக்குள்ள என் கை எறக்கிடுச்சு. பழக்கம், என்ன பண்றது? அக்கா என் கையப் பாத்தாங்க. அப்பறம் என்னப் பாத்தாங்க."

"என்ன சொன்னா?"

"'ஒரு தடவ பாத்தா மனசுல நிக்காது, நாளைக்கும் வா'ன்னாங்க."

"தெரிஞ்சுக்கிட்டேயா இத்தன நாளா ஒங்களுக்குச் சொல்லித் தர்றா? எதுக்கு?"

குரு நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கீழே வாக்கர் தரையில் உரசும் சத்தம் அடுப்படிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"தெரிஞ்சுக்கிட்டே நான் எதுக்குக் கேக்கறேனோ, அதுக்குத்தான் சார்."