மீதி ஒரு பாஸ்கெட்

"எந்த ரிங் நம்ம ரிங்னே தெரியாதவளை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய மிஸ்? நீங்களே சொல்லுங்க!"

கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததிலிருந்து உலகம்மை இதை மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டாள். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

கோர்ட்டின் ஓரத்தில் பாதாம் மரத்து நிழலில் சிமெண்ட் படி ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்து டெல்பின் மிஸ் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அது திறக்கவில்லை. உலகம்மை அதைப் பிடுங்கித் திறந்து கையில் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

பாளையங்கோட்டையில் அது ஒரு பெண்கள் கல்லூரி. டெல்பின் மிஸ் அங்கே முப்பது வருடம் பாஸ்கெட்பால் கோச்சாக இருந்தவர். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. உலகம்மை அவரிடம் ஆடக் கற்றவள். கல்லூரி டீமுக்குக் கேப்டனாக இருந்து, ஸ்டேட் டீம் வரை போய், பிறகு அதே கல்லூரிக்கு உதவி கோச்சாக வந்து, மிஸ் போன பிறகு விசிலைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டவள். இப்போது வயது நாற்பத்து மூன்று. இத்தனை வயதில் இன்னும் எதற்கெடுத்தாலும் மிஸ்ஸிடம் வந்து கத்துவாள். கத்திவிட்டுத் தான் நினைத்ததையே செய்வாள்.

அன்றைக்கு அப்படிச் செய்ய முடியாது. பல்கலைக்கழகப் போட்டிக்கு அனுப்பும் பட்டியலில் தேர்வுக் கமிட்டியின் சார்பில் மிஸ் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு மணிக்குள் பட்டியல் போய்ச் சேரவேண்டும். அதில் பன்னிரண்டாவது பெயர் அபிஷா. அதை அடித்துவிட்டு வேறொரு பெயரை எழுதிக் கொண்டுவந்திருந்தாள் உலகம்மை. டீமில் இல்லாதவளுக்கு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம் கிடையாது. மிஸ் கையெழுத்துப் போட்டால் அபிஷா சாயங்காலம் பெட்டியோடு ஊருக்கு பஸ் ஏறவேண்டியதுதான்.

"அப்படி என்னதான் செஞ்சா?" என்றார் மிஸ்.

"என்ன செஞ்சாளா? ஞாயித்துக்கிழமை மேட்ச். பாதி ஆட்டம் முடிஞ்சு பக்கம் மாறியாச்சு. பந்து இவ கைக்கு வருது. முன்னால ஒரு ஆளு இல்ல. ஓடுதா மிஸ், கடைசி பஸ்ஸைப் பிடிக்கப்போற மாதிரி ஓடுதா. நாங்க எல்லாரும் கத்துதோம். நாங்க கைதட்டி உற்சாகப்படுத்துதோம்னு நினைச்சுக்கிட்டா போல. நேரா போயி நம்ம ரிங்லயே போட்டுட்டா!"

"விழுந்துச்சா?"

"விழாம? ப்ராக்டீஸ்ல பத்துக்கு நாலு விழும். அன்னைக்குன்னு பாத்துக் கச்சிதமா விழுந்துச்சு."

மிஸ் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"அதுகூடப் பரவாயில்ல மிஸ். அப்படித் தெரியாம போட்டா அந்த ரெண்டு பாயிண்ட் யாரு பேர்ல ஏறும்? எதிர் டீம் கேப்டன் பேர்ல. ரூல் அப்படி. அந்தக் கேப்டன் நடுக் கோர்ட்ல குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தா! ஓசியில ரெண்டு பாயிண்ட். வெக்கமில்லாம சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டா."

"வாங்காம என்ன செய்வா?"

"மூணு பாயிண்ட்ல தோத்தோம். இந்தத் தடவை செமி ஃபைனல் வரலைன்னா வேற கோச் பாக்கணும்னு பிரின்சிபால் சிஸ்டர் என் முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க. எட்டு நாள்ல டோர்னமெண்ட். நான் இவளைக் கூட்டிக்கிட்டுப் போயி ரிங்குக்கு ரிங் பேர் எழுதி ஒட்டவா?"

மிஸ் சிரிக்கவில்லை. உலகம்மைதான் திடீரென்று சிரித்தாள்.

"இந்த மாதிரி ஒருத்தியை இதுக்கு முன்னால ஒரே ஒரு தடவைதான் பாத்திருக்கேன். நம்ம ஃபைனல்ல, இதே கோர்ட்ல. ஞாபகமிருக்கா மிஸ்? பாஸ்கெட் போட்டுட்டு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டுத் திரும்பிப் பாத்தாளே! அவ டீம்ல ஒருத்தி முகத்துல ஈயாடல. நான்தான் ஓடிப்போயி முதுகுல தட்டி, 'ரொம்ப தேங்க்ஸ்'னு சொன்னேன். வருஷா வருஷம் புதுசா வர்ற பிள்ளைங்ககிட்ட இதைச் சொல்லுவேன். விழுந்து விழுந்து சிரிக்கும்ங்க."

"அபிஷாவும் சிரிச்சாளா?"

"போன வருஷம் முதல் வரிசையில உக்காந்து சிரிச்சா. என்ன பிரயோஜனம்?"

பட்டியலை மிஸ்ஸின் மடியில் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

"போடுங்க மிஸ்."

"போடுதேன். அந்த ஃபைனல்ல நீ எத்தனை பாயிண்ட்?"

"பதினெட்டு."

பிறந்த தேதியைக் கேட்டிருந்தால்கூட இத்தனை வேகத்தில் வந்திருக்காது. அந்தப் பதினெட்டு ஸ்போர்ட்ஸ் ரூம் வாசலில் தங்க எழுத்தில் இருக்கிறது. நாற்பத்தேழுக்கு நாற்பத்தாறு. ஒரே பாயிண்டில் ஜெயித்த ஃபைனல் அது. சிறந்த ஆட்டக்காரி கோப்பை அதற்குத்தான் கிடைத்தது. அந்தக் கோப்பையைப் பார்த்து ஸ்டேட் டீம் கூப்பிட்டது. ஸ்டேட் டீமைப் பார்த்து இந்த வேலை வந்தது.

"பதினெட்டுன்னா எத்தனை பாஸ்கெட்?"

"ஒன்பது. எல்லாம் ரெண்டு ரெண்டு. ஃப்ரீ த்ரோ ஒண்ணுகூடக் கிடையாது."

"எங்கெங்க இருந்து போட்டேன்னு ஞாபகமிருக்கா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க."

"இப்ப முழிச்சுக்கிட்டுதானே இருக்க." மிஸ் தன் பையைத் துழாவி ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினார். "போட்ட இடத்துல எல்லாம் ஒரு வட்டம் போட்டு, உள்ள உன் நம்பரை எழுதிட்டு வா. ஒன்பதும் ஆனதும் கையெழுத்து."

"மணி பதினொண்ணு மிஸ்!"

"அப்ப சீக்கிரம் போ."

உலகம்மை முணுமுணுத்துக்கொண்டே போனாள். வாட்டர் டேங்க் பக்கத்து ரிங்கின் கீழே முதல் வட்டம். உள்ளே ஏழு. அந்த ஃபைனலில் கேப்டனாக அவள் போட்டிருந்த பனியன் நம்பர் அது.

"முதல் பாதி இந்தப் பக்கம். இது ஒண்ணு. இது போர்டுல பட்டு உள்ள போனது. இது இடது கையால, ஞாபகமிருக்கா மிஸ்? அந்த உசரக்காரி மேல வந்து விழுந்தா. இது நாலு."

நான்கு வட்டங்களையும் போட்டுவிட்டு கேட் பக்கத்து ரிங்குக்கு நடந்தாள். முணுமுணுப்பு நின்றிருந்தது. தன்னைப் பற்றிய விஷயமாயிற்றே, யாருக்குத்தான் அலுக்கும்? ஒவ்வொரு இடத்திலும் இல்லாத பந்தை இரண்டு தரம் தரையில் தட்டி, குதித்து, போட்டுவிட்டுத்தான் குனிந்து வட்டம் போட்டாள். குதித்த பிறகு முட்டியையும் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சு. ஆறு. இது ஏழு. கடைசி நிமிஷத்துல இங்க இருந்து எட்டு."

நிமிர்ந்தாள். திரும்பி எண்ணினாள். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு.

"ஒண்ணு விட்டுப்போச்சு."

"தேடு" என்றார் மிஸ்.

உலகம்மை தேடினாள். மூலையில் போய் நின்று பார்த்தாள். "இங்கயா? இல்ல, இங்க ஐரின் நின்னா." கோட்டோரமாக நடந்தாள். "இங்க இருந்து ஒண்ணு போட்டேன், ஆனா அது வெளியில போயிட்டு." கண்ணை மூடிக்கொண்டு முதல் விசிலிலிருந்து மொத்த ஆட்டத்தையும் வாய்க்குள் ஓட்டிப் பார்த்தாள். எட்டில் வந்து நின்றது. மறுபடி ஓட்டினாள். மறுபடி எட்டு.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பத்து நிமிடம் ஆனதும் எரிச்சல் போய்விட்டது. வாட்ச்சைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அந்த ஒன்று எங்கே போயிருக்கும் என்பதைத் தவிர அவள் மண்டையில் இப்போது வேறெதுவும் இல்லை.

"எண்ணினவங்க தப்பா எண்ணியிருப்பாங்களோ மிஸ்?"

"உள்ளதான் மாட்டியிருக்கு. எடுத்துப் பாரு."

ஸ்போர்ட்ஸ் ரூமில் கோப்பைக்கு மேலே ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தது அந்த ஃபைனலின் ஸ்கோர் ஷீட். ஜெயித்த டீமுக்குக் கொடுக்கும் பிங்க் நிற கார்பன் பிரதி. எத்தனையோ வருடமாக உலகம்மை தினமும் அதன் கீழேதான் நாற்காலி போட்டு உட்காருகிறாள். அடியில் எழுதியிருக்கும் 47–46 வரைதான் படித்திருப்பாள். மேலே உள்ளதை யார் படிக்கிறார்கள்?

ஆணியிலிருந்து கழற்றி, முந்தானையால் தூசியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். எழுத்து மங்கியிருந்தது. படிக்க முடிந்தது. ஏறிக்கொண்டே போகும் பாயிண்ட் வரிசையில் ஒவ்வொரு பாஸ்கெட்டுக்கும் பக்கத்தில் போட்டவளின் நம்பர்.

கோர்ட்டின் நடுவில் நின்று விரலை வைத்துப் படித்தாள்.

"முதல் பாதியில நாலு ஏழு இருக்கு. நாலு வட்டம் இருக்கு. சரி. இருபத்திரண்டோட பாதி ஆட்டம் முடிஞ்சு கோடு போட்டிருக்கு. அதுக்கு அப்புறம்..." விரல் இறங்கியது. "அஞ்சு ஏழு இருக்கு மிஸ்! பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, ஒன்பதுதான். விட்டுப்போனது இந்தப் பக்கத்துல ஒண்ணு."

"எது?"

"கோட்டுக்குக் கீழ முதல்லயே. இருபத்துநாலு, பக்கத்துல ஏழு. பக்கம் மாறினதும் முதல் பாஸ்கெட்டே நானா?"

"எழுதியிருக்கே."

"இல்லையே மிஸ். பந்து அவங்க கையிலல்லா இருந்துச்சு. நான் பாஸ்கெட் போடல. நான் நடுக் கோர்ட்ல நின்னு ரிப்பனை இறுக்கிக் கட்டிக்கிட்டு..."

அங்கேயே நின்றுவிட்டாள்.

வாய் லேசாக அசைந்தது. நாற்பத்தேழில் இரண்டு போனால் எவ்வளவு என்பது ஒரு கோச்சுக்கு அவ்வளவு பெரிய கணக்கில்லை. அவள் அதை இரண்டு தரம் போட்டாள்.

மெதுவாக வந்து படியில் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஃப்ரேம் மடியில் இருந்தது.

"அவ பேரு என்ன மிஸ்?"

"கையிலதானே வச்சிருக்க. படி."

தோற்ற டீமின் பெயர்கள் கீழே இருந்தன. அன்றைக்கு அவள் தட்டிய முதுகில் இருந்த பன்னிரண்டாம் நம்பருக்கு நேரே எஸ். தமயந்தி. இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிவந்த கதையில் இந்தப் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை.

"அடுத்த வருஷம் ஆட வந்தாளா?"

"பன்னெண்டாம் நம்பர் பனியன் வந்துச்சு. போட்டிருந்தது வேற பிள்ளை."

உலகம்மை ஃப்ரேமின் கண்ணாடியை மறுபடி துடைத்தாள். அதில் தூசி இல்லை.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"அந்தத் தாளைக் கைநீட்டி வாங்கினது யாரு? நான்தான்."

"பெறவு ஏன் மிஸ் சொல்லல?"

"கப்பு கையில இருந்துச்சு. அப்ப எனக்கு உன் வயசு."

கேட்டுக்கு வெளியே ஒரு டவுன் பஸ் நின்று கிளம்பிப் போனது.

"ரூல்படிதானே மிஸ் எழுதியிருக்காங்க" என்றாள் உலகம்மை. குரல் பாதியாகிவிட்டது. "எனக்குக் குடுங்கன்னு நான் கேக்கலையே."

"ரூல்படிதான். இல்லன்னு யாரு சொன்னா?"

"அதுவும் இதுவும் ஒண்ணாயிருமா? இவ விஷயம் வேற. எனக்கு எட்டு நாள்தான் இருக்கு. சிஸ்டர் கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

மிஸ் தண்ணீர் பாட்டிலைத் திருகி மூடினார்.

"மணி பன்னெண்டரை ஆகப்போகுது மிஸ்."

"ஆமா."

"கையெழுத்து..."

டெல்பின் மிஸ் மறுக்கவில்லை. பட்டியலை மடியில் நேராக வைத்து, கசங்கியிருந்த ஓரத்தை நீவிவிட்டார். பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு தலையை நிமிர்த்தி வெயிலில் கிடந்த கோர்ட்டைப் பார்த்தார். அந்தப் பக்கம் நாலு வட்டம், இந்தப் பக்கம் நாலு.

உலகம்மை ஃப்ரேமை எடுக்கப் போனபோது படியிலேயே வைத்துவிட்டுப் போன சாக்பீஸை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இன்னும் ஒரு பாஸ்கெட் மீதி கிடக்கே உலகு. இடம் உனக்குத் தெரியும், முதுகுல தட்டினியே, அங்கதான். அதுலயும் ஒரு வட்டம் போட்டு, உள்ள ஏழுன்னு எழுதிட்டு வா. நான் கையெழுத்துப் போடுதேன்."