நாற்றம் தொடங்கும் இடம்

ஒரு விடுகதை போடுகிறேன், சொல்லுங்கள். எல்லாரிடமும் இருக்கும். கை இல்லாமலே பிடிக்கலாம். எவ்வளவு பெரிய பலசாலியானாலும் ரொம்ப நேரம் பிடித்து வைத்திருக்க முடியாது. அது என்ன?

மூச்சு.

ஓர் ஊரில், ஆற்றங்கரையோடு புதிதாகக் கல் பாவி இயற்கை நடைபாதை என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே ஓட வருகிறவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மருத மரத்தைத் தாண்டியதும், பாதைக்கு அடியிலிருந்து ஒரு குழாய் ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நாற்றம் தாங்காது. வேகமாகக் கடந்துவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள்.

ராக்கினி மிஸ் அந்தப் பாதையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிரார்த்தனா, இசக்கி என்று இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். மிஸ் அவர்களைக் குழாய்க்கு மேலேயே நிறுத்தினார்.

“உட்காருங்க. இன்னைக்குக் கால் நீட்டி மடக்குறது இங்கதான்.”

“இங்கேயா மிஸ்?” பிரார்த்தனா மூக்கைப் பொத்தினாள். “குமட்டுது.”

“உட்காரு.”

பிரார்த்தனா உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது.

“யாரோ பண்ற அசிங்கத்துக்கு நாங்க ஏன் மிஸ் இங்க உட்காரணும்? அந்தக் கரையோர வீடுகளைக் காலி பண்ணினா எல்லாம் சரியாயிடும். சாயங்காலம் அதைத்தான் பேசப் போறேன்.”

அன்று சாயங்காலம் பாதையைப் பார்க்க ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. ஓடுகிற பிள்ளைகள் சார்பில் பிரார்த்தனா பேச வேண்டும் என்று அவளுடைய அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம் முடிவு செய்திருந்தது. சங்கத்தின் செயலாளர் அவள் அப்பா. பேச்சை எழுதித் தந்ததும் அவர்தான்.

இசக்கியின் வீடு அந்தக் கரையோர வீடுகளில் ஒன்று. அவள் காலை மடக்கிக்கொண்டாள்.

“இத்தனை நாளா மனப்பாடம் பண்ணியிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“உன்னைச் சொல்லல இசக்கி. பொதுவாச் சொல்றேன்.”

“பொதுவா எங்க வீட்டை இடிச்சு ஊருக்கு வெளிய கொண்டு போடுவாங்க. அப்புறம் நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு எப்படி வரது? பறந்தா?”

“அப்போ ஆறு நாறட்டுமா?”

“ஏட்டி, எங்க வீடு இதுக்குக் கீழ இருக்கு. ஆறு மேலருந்து கீழ வருது. எங்க அழுக்கு மட்டும் ஏணி வெச்சு மேல ஏறுதாக்கும்?”

பிரார்த்தனா குழாயை எட்டிப் பார்த்தாள். மிஸ் பக்கம் திரும்பினாள்.

“அப்போ இது யாரோடது மிஸ்?”

ராக்கினி மிஸ் பாதையோரத்தில் வரிசையாகக் கிடந்த சிமென்ட் மூடிகளைக் காட்டினார்.

“ஓடிப் பாரு.”

இருவரும் ஓடினார்கள். மூடிகளுக்கு அடியில் தண்ணீர் சலசலத்துக்கொண்டே இருந்தது. சத்தம் எங்கே போனதோ அங்கே போனார்கள். ஒரு நீளமான மதிலடியில் மூடிகள் முடிந்தன. மதிலில் பெரிய மீன்கொத்தி ஒன்று வரைந்திருந்தது. அதன் சிறகுக்கு நீலம் பூசியவள் பிரார்த்தனா.

அவள் குடியிருப்பின் பின்வாசல் திறந்திருந்தது. வாட்ச்மேன் பால்சாமி ஓர் இரும்புச் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

“என்ன பாப்பா, வழக்கமா முன்வாசல்லதான வருவ?”

“என்ன பண்றீங்க அண்ணாச்சி?”

“கழிவுத் தொட்டியத் திறந்து விடுதேன். தினம் விடியக்காலையில விடணும்லா. லாரி வரச் சொன்னா செலவுன்னு உங்க அப்பாதான் இப்படி ஏற்பாடு பண்ணாங்க.”

இசக்கி மதிலிலிருந்த மீன்கொத்தியைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால்கூடப் பிரார்த்தனாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திரும்பி வந்தபோது ராக்கினி மிஸ் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மிஸ்?” பிரார்த்தனா கோபமாகக் கேட்டாள்.

“தெரியும்.”

“தெரிஞ்சும் நீங்க ஏன் சொல்லல?”

“சொன்னேன். உங்க சங்கத்துக்கு வந்து சொன்னேன். ஓட்டம் சொல்லிக்குடுக்கிறவங்க ஓட்டத்தை மட்டும் பாருங்கன்னாங்க.”

“அப்பாவா அப்படிச் சொன்னார்?”

“வலது காலை நீட்டு.”

பிரார்த்தனா நீட்டவில்லை.

“எல்லாரும் பொய் சொல்லிட்டு, அதை என்னைப் பேசச் சொல்றாங்க. எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடவா?”

“சொல்லலாம்.”

“அப்போ வேற யாராவது அதையே பேசுவாங்க.”

“பேசுவாங்க.”

“உண்மையைச் சொல்லணும்னா எப்படி மிஸ்? அப்பா மேடையில எனக்குப் பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பார்.”

ராக்கினி மிஸ் எழுந்து, பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த இசக்கியைப் பார்த்தார்.

“இவ கீழ நின்னுக்கிட்டிருப்பா.”

சாயங்காலம் அதிகாரி வந்தார். ஆற்றைக் கெடுப்பது யார் என்று கேட்டார். பிரார்த்தனா தன் குடியிருப்பின் பெயரைச் சொன்னாள்.