பண்டிதரின் தாம்பாளத்தில் திரும்பிய ஊசி

முன்னொரு காலத்தில் கடலோரமாக ஒரு ராஜ்யம் இருந்தது. பேரைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. அதன் அரசர் வேங்கைமாறனுக்கு ஒரே மகன். அவன் ஏறிப் போன கப்பல் பாறையில் மோதி உடைந்தது. பிள்ளையின் உடல்கூடக் கிடைக்கவில்லை. கப்பலை ஓட்டிய மாலுமி சேந்தன் மட்டும் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான். பாவி மனுஷன், அவனும் செத்திருந்தால் நிம்மதியாகப் போயிருப்பான்.

"திசைகாட்டும் ஊசி தப்பாகக் காட்டிவிட்டது, மகாராஜா" என்றான். அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

ஆஸ்தானப் பண்டிதர் பூதநாதர் துள்ளி எழுந்தார். "பொய்! பூமி தாம்பாளம் போலத் தட்டை. அதன் நட்ட நடுவில் காந்தமலை. எங்கே வைத்தாலும் ஊசியின் தலை மலையைப் பார்க்கும், வால் விளிம்பைப் பார்க்கும். நடுவே வடக்கு, சுற்றிலும் தெற்கு. மலை நகராதபோது ஊசி எப்படித் தப்பும்?"

"சுற்றிலும் தெற்கு என்றால், எந்தப் பக்கம் போனாலும் எமன் வீடுதானா சாமி?" என்று கேட்டான் அரண்மனை விகடன் வெடியப்பன். யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சபையில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாற்பது நாளாகிவிட்டது.

பண்டிதருக்கு வெடியப்பனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். "இவ்வளவு பேசுகிறவன், மலையை நகர்த்தாமல், ஊசியைத் தொடாமல் அதைத் திருப்பிக் காட்டட்டுமே!" என்றார்.

"நாளை உச்சிப்பொழுதுக்குள் காட்டு. முடியாவிட்டால் பொய் சொன்ன இந்தச் சேந்தனோடு நீயும் கழுவேறுவாய்" என்று அரசரும் சொல்லிவிட்டார்.

வெடியப்பன் சேந்தனை அடைத்திருந்த சிறைக்கு ஓடினான். "அடப்பாவி, உன்னோட சேர்ந்து இப்ப நானுமில்ல சாகணும்! நெசத்தைச் சொல்லுய்யா."

சேந்தன் அழுதுகொண்டே சொன்னான். பயணம் போகிறவர் பக்கத்தில் இரும்பு இருந்தால் காத்துக் கருப்பு அண்டாது என்பது அந்த நாட்டு வழக்கம். மகன் புறப்பட்ட அன்று அரசர் தம் உடைவாளை உருவி, ஊசிப் பெட்டிமேல் தம் கையாலேயே வைத்திருக்கிறார்.

"இரும்பு பக்கத்துல இருந்தா ஊசி அது பக்கம் போயிடும்ணே. அப்பா வச்ச வாளை எடுக்க இளவரசர் விடலை. பிள்ளையைப் பறிகொடுத்த மனுசன்கிட்டப் போயி, உங்க கையாலதான் போச்சுன்னு எப்படிச் சொல்றது? என் உசுரு போனாப் போகட்டும். நீங்களும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று வெடியப்பன் சத்தியம் செய்தான்.

மறுநாள் சேந்தனைச் சங்கிலியோடு சபையில் நிறுத்தினார்கள். வெடியப்பன் ஒரு பித்தளைத் தாம்பாளத்தின் நடுவில், அடிப்பக்கமாகக் காந்தக்கல்லை வைத்தான். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, ஒரு நெட்டித் துண்டின்மேல் ஊசியை மிதக்கவிட்டான். ஊசி நடுவைப் பார்த்து நின்றது.

"சாமி, நீங்க சொன்ன பூமி இதுதானே? காந்தமலை எங்கேன்னு நீங்களே சபைக்குக் காட்டிடுங்க. நான் மடையன், தப்பாக் காட்டிடுவேன்."

பண்டிதருக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் எதையும் விரலால் காட்டமாட்டார். இடுப்பில் செருகிய இரும்பு எழுத்தாணியால்தான் காட்டுவார். அதை உருவி, ஊசிக்கு மேலாகக் கையை நீட்டினார். பாதி வழியிலேயே ஊசி மலையை விட்டுவிட்டு எழுத்தாணியின் பக்கம் திரும்பியது. பண்டிதர் பதறி வலப்பக்கம் நகர்ந்தார். ஊசியும் வந்தது. இடப்பக்கம் ஓடினார். அங்கேயும் வந்தது.

"நான் தொடலை மகாராஜா! மலையும் நகரலை. பண்டிதரே திருப்பிட்டார்!"

அரசர் சிரித்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சபையே சிரித்தது. "ஓகோ, இரும்பு பக்கத்தில் வந்தால் இந்த ஊசி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே வாள் இல்லாத வெறும் உறை தொங்கிக்கொண்டிருந்தது.

இதற்குத்தான் வெடியப்பன் பயந்திருந்தான்.

"சேந்தா, உனக்கு இது தெரியுமா?"

சேந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"எனக்கும் ஒரு பிள்ளை இருக்கு, ராஜா."

அரசர் இறங்கி வந்து அவன் சங்கிலியைத் தம் கையாலேயே கழற்றினார். தம் முத்துமாலையை வெடியப்பனுக்குப் போட்டார். "விகடா, ஏதாவது சொல்லப்பா. இன்னும் கொஞ்சம் சிரித்துக்கொள்கிறேன்" என்று சொல்லும்போதே அவருக்குக் கண்ணீர் வழிந்தது.

வெடியப்பன் மாலையும் கழுத்துமாக அரசரின் காலடியில் உட்கார்ந்து, தானும் அழுதான்.