எரியாத மோட்டார்

"நாற்பத்தொரு கட்டுரை எழுதிட்டேன் தோழர். அதைப் படிச்சுட்டு ஒருத்தரும் கடைக்கு வரலைங்க."

நாச்சிமுத்து, கிணற்று மோட்டார் எரிந்துபோனால் உள்ளே புதிதாகச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டித் தருகிறவர். கடைக்கு எதிரே பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டர் திறந்துவிட்டார்கள். வலைப்பூ எழுதினால் ஆள் வரும் என்றார்கள், எழுதினார். தை முடிவதற்குள் வராவிட்டால், கடையைப் பூட்டிவிட்டு எதிர்க்கம்பெனியின் நீலச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அமிர்தவல்லி கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் மில் கேட்டில் நோட்டீஸ் எழுதிக் கொடுத்தவர். மில்லை விற்றார்கள். கூட நின்ற தலைவர்கள் கார் வாங்கினார்கள். அவர் இந்தத் தொழிற்சங்கக் கட்டடத்திலேயே தங்கிவிட்டார்.

"படிங்க, கேட்போம்."

"எங்கள் தரம். எங்கள் அனுபவம். எங்கள் நேர்மை..."

"போதும். ஓட்டுக் கேட்டு வந்த மாதிரி இருக்குது."

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது.

"அப்போ எப்படித்தான் எழுதறது? வாரத்துக்கு எத்தனை? எந்த நேரத்துல போடறது?"

"ஷிப்ட் விட்டதும் கேட்டுக்கு வெளியே போய்ப் பார்ப்பேன். நான் கொடுத்த நோட்டீஸ் பூரா கீழே கிடக்கும். ஒரே ஒரு தடவைதான் ஒண்ணுகூடக் கிடக்கலை."

"வேலைநிறுத்த நோட்டீஸுங்களா?"

"அதுலதான் வடை கட்டிட்டுப் போனாங்க."

"பின்னே?"

"மெஷின்ல கை மாட்டினா நஷ்டஈட்டுக்கு எந்தக் காகிதத்தை யாருகிட்ட எழுதி வாங்கோணும்னு போட்டிருந்தேன். முதலாளிக்கும் தெரியும், எங்க தலைவருக்கும் தெரியும். ரெண்டு பேரும் வாயைத் திறக்கலை."

ஒரு வெள்ளைத்தாளை நாச்சிமுத்து பக்கம் தள்ளினார்.

"மோட்டார் ஏனுங்க எரியுது?"

நாச்சிமுத்துவுக்குத் தெரியாததல்ல.

கரன்ட் குறைந்தால் என்ன செய்வது, தண்ணீர் எவ்வளவு இறங்கினால் நிறுத்துவது, எந்தச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் அணைப்பது, எல்லாம் தெரியும். காயில் கட்டுகிற எவரும் அதை வெளியே சொன்னதில்லை.

"அதை எழுதினா எரிஞ்ச மோட்டாரும் வராதுங்க. எங்க பொழப்பு?"

அமிர்தவல்லி பேனாவின் மூடியைக் கழற்றித் தாளின் மேல் வைத்தார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம்வரை நாச்சிமுத்து அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு எழுதினார். எதையும் மறைக்கவில்லை.

அப்புறம் வலைப்பூவில் தினம் ஒன்று. எப்போதாவது வந்துகொண்டிருந்த எரிந்த மோட்டாரும் நின்றுபோயிற்று. மற்ற காயில்காரர்கள் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள்.

தைக் கடைசியில் கடை வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. பதினோரு மோட்டார். கூட ஒரு பெண், வயல்மண் காயாத காலோடு.

"அத்தனையும் எரிஞ்சிருச்சுங்களா?"

"ஒண்ணுகூட எரியலைங்க. நீங்க எழுதினதை ஊரே படிச்சுது. ஓடி ஓடிப் பேரிங்தான் தேஞ்சுபோச்சு. மாத்தோணும்."

பழக்கத்தில் நாச்சிமுத்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். மோட்டாரைத் திறக்கும்போது சொந்தக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே இருக்கும் செம்பும் சாமானும் மாறிவிடக் கூடாதே என்று கண்ணை எடுக்க மாட்டார். இருபத்தாறு வருஷமாக அந்த ஸ்டூல் காலியாக இருந்ததில்லை.

"உட்காரலைங்க. எருமைக்குத் தண்ணி காட்டோணும். நாளான்னிக்கு வர்றேன்."

டெம்போ திரும்பிப் போனது.

நாச்சிமுத்து ஸ்பேனரை எடுத்தார். முதல் மோட்டாரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் அந்த ஸ்டூல் முதல் தடவையாகக் காலியாக இருந்தது.

வெகுநேரம் அதைத் தொட அவருக்குக் கை வரவில்லை.