திராட்சைக் கொடி பேச்சை விட்ட கதை

செடிகொடிகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஜெர்மன் நாட்டுக் குடும்பங்கள் சில கப்பலேறி, தென்கடலுக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கில் குடியேறின. அவர்களில் எர்னஸ்டீனா என்பவள் திராட்சைக் கொடியில் வெட்டிய போத்துகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து நட்டாள். அவள் ஊர்க் கொச்சைப் பேச்சைத் தவிர அவற்றுக்கு வேறு பாஷை தெரியாது.

அங்கே பருவம் தலைகீழ். ஊரில் பனி கொட்டும் மாதங்களில் இங்கே வெயில் கொளுத்தியது. ஊரில் வசந்தம் பிறக்கும்போது இங்கே குளிர் இறங்கியது. கொடிகளோ ஊர்க் கணக்கை விடவில்லை. வெயிலில் தூங்கின, குளிரில் துளிர்த்தன. உறைபனி துளிர்களைக் கருக்கியது. கடைசியில் ஒரே ஒரு கொடிதான் மிஞ்சியது.

அடுத்த குளிரில் அதுவும் மொட்டுக் கட்டத் தொடங்கியது.

"துளிர்க்காதே, இங்கே இப்போதுதான் குளிர்காலம்" என்று எர்னஸ்டீனா கெஞ்சினாள்.

"வசந்தம் எப்போது வரும் என்று எனக்கா தெரியாது?" என்றது கொடி.

"பிடுங்கி எறி. கோதுமை விதைக்கலாம்" என்றான் அவள் கணவன் காட்லீப்.

அவளுக்கு மனம் வரவில்லை. கொடியருகே உட்கார்ந்து, ஊர்ப் பேச்சில் மெதுவாகச் சொன்னாள்: "நம்ம ஊரில் இந்த வருஷம் வசந்தம் தள்ளிப்போய்விட்டதாம். கோயில் கூரையில் இன்னும் பனி கிடக்கிறதாம். இன்னும் கொஞ்சம் தூங்கு, கண்ணு."

அந்தப் பேச்சில் யாரும் அதனிடம் பொய் சொன்னதில்லை. கொடி நம்பித் தூங்கியது. அவள் கிளை நறுக்கும் கவாத்துக் கத்தியை எடுத்தாள்.

முதல் வெட்டிலேயே அது விழித்துக்கொண்டது.

"நம்ம பேச்சிலேயே பொய் சொன்னாயே!"

அவள் நிறுத்தவில்லை. மொட்டு விட்ட கிளைகளையெல்லாம் வெட்டித் தள்ளினாள். வெட்டுவாயெல்லாம் நீர் சொட்டியது.

மறுநாள் உறைபனி விழுந்தது. கருக்க ஒரு துளிர்கூட இல்லை. குளிர் போனபின் கொடி அந்த மண்ணின் கணக்குப்படி துளிர்த்தது, காய்த்தது. அதன் போத்துகள் பள்ளத்தாக்கு முழுவதும் பரவின. எர்னஸ்டீனா தினமும் அதனிடம் போய் ஊர்ப் பேச்சில் நலம் விசாரித்தாள். சாகும்வரை அவளுக்குப் பதில் கிடைக்கவில்லை.

குளிர் முடியும் நாளில் கவாத்து செய்தால் திராட்சைக் கொடி வெட்டுவாயில் நீர் வடிப்பதும், ஏன் என்று கேட்டால் வாய் திறக்காததும் அன்று முதல்தான்.